ஒன்றாம் எண் வாடிக்கையாளர்

பைப்புக் கடைக்காரரின் மகன் பிறந்த நாளிலிருந்தே கொட்டாவி விடுவான். பால் குடித்தால் கொட்டாவி, தொட்டிலில் போட்டால் கொட்டாவி, எடுத்தால் அதற்கும் ஒன்று. அப்பா வேடிக்கைக்கு வைத்த பெயர் பிடித்த பிடியில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நல்ல பெயர் சான்றிதழோடு சரி. வீட்டிலும் கடையிலும் அவன் கொட்டாவிதான். வளர வளர தூக்கக் கொட்டாவி நின்றுவிட்டது. ஆனால் யாராவது அதட்டினால், அழுகை வந்து அதை அடக்கப் பார்த்தால், வாய் தானாகப் பிளந்துகொள்ளும். மற்றவர்களுக்குக் கண்ணில் நீர் முட்டுகிற இடத்தில் அவனுக்குக் கொட்டாவி வரும். இதைப் புரிந்துகொண்டவள் வீட்டில் அக்கா ஒருத்திதான். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

அந்த அக்காவைத்தான் இன்றைக்கு சாப்ட்வேர் கம்பெனி முதலாளி என்கிறார்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் அவள் பின்னால் திரும்பி, யாரைச் சொல்கிறார்கள் என்று பார்ப்பாள். சின்னக் கடைக்காரர்களுக்குச் சரக்குக் கணக்கும் பில்லும் போட்டுக் கொடுக்கிற மென்பொருள் அவளுடையது. எப்படி ஆரம்பித்தீர்கள் என்று கேட்டால், அப்பாவுக்கு முட்டிவலி, அதனால் ஆரம்பித்தேன் என்பாள். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை, அவ்வளவுதான்.

கடை அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்னால் கல்லாமேஜை. அதற்குப் பின்னால் பைப்புகளை இணைக்கிற எல்போ, டீ, நிப்பிள், வால்வு என்று தகர டப்பாக்களில் சாமான்கள். பக்கச் சுவரில் சாய்த்து வைத்த பைப்புகள். பசை வாசனை எப்போதும் மூக்கிலேயே நிற்கும். இடம் போதாமல் பாதிச் சரக்கு மாடி அறையில் கிடந்தது. அங்கே போகிற மரப்படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடி இல்லை. யாராவது வந்து ஒரு சாமான் கேட்டால் அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே "ஓடிப் பாரு" என்பார். கொட்டாவி ஓடுவான். மாடியிலிருந்து "இருக்கு" என்றோ "இல்லை" என்றோ குரல் வரும். அந்தக் கடை நடந்ததே அந்தக் குரலில்தான்.

அன்றைக்கு நடந்ததை அக்கா நேரில் பார்க்கவில்லை. அவள் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருந்தாள். ஒரு மருந்துக் கிடங்கில் கணக்கெழுதப் போய்க்கொண்டிருந்தாள். அவளிடம் மற்றவர்கள் சொன்னது இதுதான். ஒரு பிளம்பர் கடைக்குள் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். முக்கால் இன்ச் கேட்டேன், அரை இன்ச் வால்வைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள், ஒரு வீட்டு வேலையே நாசமாய்ப் போயிற்று என்றான். கடை நிறைய ஆட்கள். கொடுத்தது கொட்டாவி. அப்பா மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். எழுந்து நின்று மகனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வந்தது கொட்டாவி. பெரிதாக, எல்லோரும் பார்க்க. கூட்டத்தில் ஒருத்தன் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. "நான் கத்திக்கிட்டிருக்கேன், உனக்குத் தூக்கம் வருதா? போடா வெளியே. இனிமே உன் பேரே இந்தக் கடையில இருக்கக் கூடாது" என்றார் அப்பா. அவன் மாடிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்தார்கள். வரவில்லை. அக்கா தெரிந்தவர், தெரியாதவர் என்று ஒருவரையும் விடாமல் விசாரித்தாள். பஸ் நிலையத்தில் போய் நின்றாள். போலீசிலும் எழுதிக் கொடுத்தாள். இருபது வயசு தாண்டின ஆள் தானாகப் போயிருக்கிறான், தானாக வருவான் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவளுக்கு அப்பா மேல் வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. பெற்றவராயிற்றே என்று மென்று விழுங்கினாள்.

அவன் போன பிறகு மாடிப்படி ஏற ஆளில்லை. அப்பாவுக்கு முட்டி மடங்காது. வேலைக்கு வைத்த ஆட்கள் எல்போவுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரிவதற்குள் நின்றுவிடுவார்கள். யாராவது எதையாவது கேட்டால் அப்பா "இல்லை" என்று சொல்லிவிடுவார். மாடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிற சாமானை இல்லையென்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பினால் கடை என்னத்துக்கு ஆகும்? கொஞ்ச நாளில் அவர் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா வேலை பார்த்த மருந்துக் கிடங்கில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கழித்துக் கட்டினார்கள். அவள் அதை வாங்கிவந்து கடையின் மாடி அறையில் வைத்தாள். கிடங்கில் ஒருவர் கொடுத்த தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, புரிந்தும் புரியாமலும் நிரல் எழுதப் பழகினாள். வேலை முடிந்ததும் வருவாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எண்ணி ஏற்றுவாள். எந்தச் சாமான் எந்தத் தட்டில் எவ்வளவு இருக்கிறதென்று கீழே உட்கார்ந்தபடியே அப்பாவுக்குத் தெரிய வேண்டும், ஆசை அவ்வளவுதான். சரக்கைத் தேடுகிற இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. திரையில் அந்த இடத்தில் "ஓடிப் பார்" என்று எழுதினாள்.

பில் போடும் பகுதிக்கு வந்தபோது சோதித்துப் பார்க்க ஒரு வாடிக்கையாளர் பெயர் தேவைப்பட்டது. யார் பெயரையாவது போட்டிருக்கலாம். அவள் கை தானாக அடித்தது: ஒன்றாம் எண், கொட்டாவி. அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்க மனசு வரவில்லை. கத்துக்குட்டி எழுதிய நிரல் வேறு. பெயர் சொல்லாமல் ரொக்கத்துக்கு வாங்கிப் போகிறவர்களின் பில்லெல்லாம் இந்த ஒன்றாம் எண்ணின் பெயரைத் தேடிப்போய் உட்காருகிற மாதிரி எழுதிவிட்டாள். அந்தப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் நிரல் விறைத்து நின்றுவிடும். அதனால் யாரும் கை வைக்காதபடி அந்தப் பெயருக்கு ஒரு பூட்டுப் போட்டாள். தெரிந்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அப்படித்தான் எழுதினாள்.

கம்ப்யூட்டரைக் கீழே கல்லாமேஜைக்கு இறக்கிய அன்றுதான் அது அவளுக்கு உறைத்தது. எந்தப் பெயர் கடையில் இருக்கக் கூடாது என்றாரோ அந்தப் பெயர் அவர் கண்முன்னால் முதல் வரியில் நிற்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். அவர் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தாலும் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல்லாகிவிட்டதா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொருமினாள்.

கடை மறுபடி நடக்க ஆரம்பித்தது. எதிர்வரிசை பெயின்ட் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று போட்டுக் கொடு என்றார். பிறகு மின்சாமான் கடை, அப்புறம் ஒரு சைக்கிள் கடை. இதைக் கம்பெனியாக்கியது அவளுடைய நாத்தனார். வாயுள்ள பிள்ளை, ஊமையையும் இரண்டு வார்த்தை பேசவைத்துவிடுவாள். மென்பொருள் ஏற்றிய பிளாப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கடை கடையாக ஏறி இறங்கினாள். அண்ணி எழுத, நாத்தனார் விற்க, அக்காவின் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு சமைக்கக் கற்றுக்கொண்டார்.

எந்தக் கடைக்குப் போட்டுக் கொடுத்தாலும் முதல் வரியில் அந்தப் பெயர் போயிற்று. எங்களைக் கிண்டல் செய்கிறீர்களா, கடைக்கு வருகிறவன் என்ன நினைப்பான் என்று கடைக்காரர்கள் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வந்து அண்ணியைப் பிடித்தாள். "ரொக்க விற்பனைன்னு மாத்துங்க அண்ணி, எவ்வளவு நேரம் ஆகப்போகுது?" மாற்றுகிறேன் என்பாள் அண்ணி. மாற்ற மாட்டாள். இப்போது அவளுக்கு நன்றாக எழுதத் தெரியும். மத்தியானம் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடலாம். நாத்தனாருக்கும் அது தெரியும். ஏன் மாற்றவில்லை என்றும் தெரியும். அதனால் கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள்.

கட்டடச் சாமான் கடைக்காரர்களின் சங்கத்திலிருந்து ஆள் வந்தபோது பொறுமை எல்லை தாண்டியது. சங்கத்தில் இருக்கிற எல்லாக் கடைக்கும் இவர்களுடைய மென்பொருளையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை: அந்த அசிங்கமான பெயர் போக வேண்டும். நாத்தனார் அன்றைக்குக் கிண்டலும் செய்யவில்லை, கத்தவும் இல்லை. "அண்ணி, அவன் வர்றதா இருந்தா வருவான். இந்தப் பேரைப் பார்த்தா வரப்போறான்? நாம ரெண்டு பேரும் இதுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கோம். எடுத்துடுங்க" என்றாள். அதில் ஒரு தப்பும் இல்லை. அக்கா சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் கடையின் மாடி அறையில் போய் உட்கார்ந்தாள். முதலில் எழுதிய அதே இடம்தான் சரியென்று பட்டது. பூட்டை எடுத்தாள். தேடுகிற வழியை மாற்றி எழுதினாள். கடைசியில் பெயர் மட்டும்தான் பாக்கி. அதை அழித்தால், தம்பி போனதை அவளே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். விரல் விசைமேல் இருக்க, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றாகவே அழுதாள்.

அப்போதுதான் படியில் சத்தம் கேட்டது. ஒரு படி, அப்புறம் நின்று ஒரு மூச்சு, மறுபடி ஒரு படி. எட்டிப் பார்த்தால் அப்பா! இரண்டு கையாலும் மேல்படியைப் பற்றிக்கொண்டு தவழாத குறையாக ஏறிவந்தார். அவள் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். வியர்வை கொட்டியது. நாத்தனார் கீழே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"எடுத்துட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா."

"எடுக்காதே."

அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாய் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டே விட்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்தப் பிளம்பரின் ஆள் மறுநாள் காலையிலேயே வந்தானாம். அரை இன்ச் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தது பிளம்பரேதானாம். தப்பைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பயந்து கடையில் வந்து குதித்தானாம். "பையன் குடுத்தது சரியான சைஸ்தாம்மா. ஒரே ஒரு நாள் தள்ளித் தெரிஞ்சுது. எந்த முகத்தோட உன்கிட்ட சொல்றது? அவன் வந்ததும் அவன்கிட்டயே சொல்லிக்கலாம்னு இருந்தேன். வரவே இல்லையே."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் வரியைப் படித்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறேன் என்றார். நெஞ்சு கல் என்று நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாய்ப் போயிற்று. ஆனாலும் கோபம் முழுசாகப் போகவில்லை. ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் இரண்டு பேருமாக இன்னும் நாலு இடத்தில் தேடியிருக்கலாமே என்ற ஆற்றாமை அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

அப்பா திரையைக் காட்டினார். பெயருக்குப் பக்கத்தில் தொலைபேசி எண்ணுக்கான கட்டம் காலியாக இருந்தது. "அதுல நம்ம கடை நம்பரைப் போடு" என்றார். அவள் எண்ணைப் போட்டுவிட்டு, எடுத்த பூட்டையும் மறுபடி போட்டாள்.

சங்கத்துக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாத்தனார் கொஞ்ச நாள் அண்ணியோடு பேசவில்லை. பிறகு தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பழையபடி கடை கடையாகத்தான் வளர வேண்டியிருந்தது.

கடை எண்ணைப் போட்டதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மென்பொருளில் எது கோளாறானாலும் கடைக்காரர்கள் முதல் வரியில் இருக்கிற எண்ணுக்கே அடித்தார்கள். எடுப்பவர் அப்பா. எல்போ விற்றுக்கொண்டே, பில் ஏன் அச்சாகவில்லை, போன மாதச் சரக்கு ஏன் காட்டவில்லை என்று பதில் சொல்லப் பழகினார். தெரியாததை மகளிடம் கேட்டுச் சொல்வார். காது மந்தமானதும் ஒலிபெருக்கி வைத்த தொலைபேசி வாங்கிக் கொடுத்தார்கள். பேச்சு கடை முழுக்கக் கேட்கும். எல்லாம் முடிந்ததும் மறுமுனையில் ஒருவர் தவறாமல் கேட்பார், யாருங்க இந்தக் கொட்டாவி என்று. "என் பையன். எங்கயாவது பார்த்தா சொல்லுங்க, அப்பா கடையிலதான் இருக்கேன்னு" என்பார். அதைக் கேட்ட எந்தக் கடைக்காரரும் பிறகு அந்தப் பெயரை எடுக்கச் சொன்னதில்லை.

திருட்டுப் பிரதிகளும் கிளம்பின. ஒருவர் வாங்கி மச்சானுக்குக் கொடுப்பார், மச்சான் பங்காளிக்குக் கொடுப்பார். நாத்தனார் கொதித்துப் போவாள். அப்படிப்பட்டவர்கள் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் வந்தாலும் அப்பா பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். "நீங்க நம்ம கட்சியா, அவங்க கட்சியா மாமா?" என்று அவள் சண்டைக்கு வருவாள். "போகட்டும்மா. எவ்வளவு தூரம் போகுதோ போகட்டும்" என்பார். அவர் போகட்டும் என்றது அந்தப் பெயரைத்தான் என்று புரிந்த நாளிலிருந்து அவளும் சண்டை போடுவதை விட்டுவிட்டாள்.

வருஷங்கள் போயின. அப்பாவுக்குக் கண்ணும் மங்கியது. ஆனால் தொலைபேசியை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. அவர் இருக்கிற காலத்திலேயே ஒரு குரல் வர வேண்டுமே என்ற ஒரே கவலைதான் அக்காவுக்கு. கம்பெனிக்குத் தனி அறை, நாலைந்து பிள்ளைகள் வேலைக்கு என்றெல்லாம் வந்த பிறகும் மத்தியான வேளையில் கடைக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

அப்படி உட்கார்ந்து, பைப்பு மரையில் சுற்றுகிற நூல்டேப்புகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"சொல்லுங்க" என்றார் அப்பா.

ஓர் ஆண்குரல். பின்னால் வண்டிச் சத்தமும் யாரோ இரும்பு அறுக்கிற சத்தமும் கேட்டன. இங்கே ஒரு கடையில் வேலை செய்கிறேன் என்றது குரல். மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கவில்லை, முதலாளி யாரிடமோ வாங்கிப் போட்டிருக்கிறார், தப்பாக நினைக்காதீர்கள் என்றது. பரவாயில்லை, விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார் அப்பா.

"ஒண்ணாம் நம்பர்ல ஒரு பேர் இருக்கு. முதலாளி அதை அழிக்கச் சொல்றாரு. அழிக்க மாட்டேங்குது."

"அது அப்படித்தான் தம்பி. அழியாது" என்று அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

இரும்பு அறுக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அந்தக் குரல் மிகவும் தணிந்து, "யாரு வச்ச பேருங்க அது?" என்று கேட்டது.

அக்காவின் கையிலிருந்த டப்பா தரையில் விழுந்து டேப்புகள் நாலாபக்கமும் உருண்டன. அப்பா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வச்ச பேருடா" என்றார். "கம்ப்யூட்டர்ல போட்டது உங்க அக்கா. எடுக்க வேண்டாம்னது நான். அன்னைக்கு நீ குடுத்தது சரியான சைஸ்தான்டா. தப்பு என்னோடது."

மறுமுனையில் ஒரு வாய் திறக்கிற சத்தம் வந்தது; பின்னாலேயே, நீளமாக, நடுங்கி நடுங்கி ஒரு கொட்டாவி. கடை முழுக்கக் கேட்டது.

அது முடிகிற வரைக்கும் அப்பா குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார்.

"எப்ப வர்றே?" என்று கேட்டார்.